‘கிண்டி கிடைக்குமா?’ – கட்-ஆஃப் கணிப்புகள் குறித்து ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான மறுநாளிலிருந்தே நாளிதழ்களின் கல்விப் பக்கங்களில் ‘பொறியியல் கட்-ஆஃப் இந்த ஆண்டு உயருமா, குறையுமா’ என்று கட்டுரைகள் வரத் தொடங்கிவிடுகின்றன. கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி, கோவை பிஎஸ்ஜி, மதுரை தியாகராசர் எனப் பலரும் விரும்பும் கல்லூரிகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘எதிர்பார்க்கப்படும் கட்-ஆஃப்’ என்று ஒரே ஓர் எண்ணைக் கொடுக்கும் அட்டவணையும் உடன் வருகிறது. அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுநிலைக் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கலந்தாய்வு நடக்கும் மாதங்களில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இன்றும் துணைக்கு உட்காருகிறேன். அந்த ஒற்றை எண் அட்டவணையை நம்பி, தகுதியுள்ள பிள்ளைகள் நல்ல கல்லூரியைத் தங்கள் விருப்பப் பட்டியலிலிருந்து தாங்களே அடித்துவிடுவதையும், கையில் பணமில்லாத பெற்றோர் கடன் வாங்கி வேறெங்கோ முன்பணம் கட்டுவதையும் அருகிலிருந்து பார்க்கும் வேதனையில் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கணிதத்தின் 100 மதிப்பெண் முழுதாகவும், இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாகவும் சேர்ந்து 200 ஆகிறது. இந்த 200-க்கு ஒரு மாணவர் பெறுவதையும், ஒரு கல்லூரியில் கடைசியாக இடம் பெற்றவர் பெற்றிருந்ததையும் கட்-ஆஃப் என்றே சொல்கிறோம். பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 1,200 ஆக இருந்த காலத்தில், ஒவ்வொரு பாடமும் 200-க்கு என்பதால், கட்-ஆஃப் கால் கால் மதிப்பெண்ணாக நகர்ந்தது. 2019 மார்ச் தேர்விலிருந்து மொத்தம் 600 ஆனபின் அது அரை அரை மதிப்பெண்ணாக நகர்கிறது. ஆகவே 200-க்கும் 190-க்கும் இடையில் இருக்கும் படிகள் மொத்தமே 21. இவ்வளவு பெரிய மாநிலத்தின் முன்னணி மாணவர்கள் அத்தனை பேரும் இந்த 21 படிகளில்தான் நின்றாக வேண்டும். ஒரே படியில் நெருக்கியடித்து நிற்பவர்களை வரிசைப்படுத்த, கணித மதிப்பெண், அதற்கடுத்து இயற்பியல் மதிப்பெண் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எதிலும் வேறுபாடு இல்லாதபோது கடைசியாக ரேண்டம் எண்ணுக்கு, அதாவது குலுக்கல்போல் கணினி கொடுக்கும் எண்ணுக்குப் போகிறார்கள். கணிதத்தில் 98, மற்ற இரண்டிலும் 97 பெற்ற மாணவரின் கட்-ஆஃப் 195. கணிதத்தில் 95, மற்ற இரண்டிலும் நூறு பெற்றவரின் கட்-ஆஃபும் 195. முன்னவர் அந்தப் படியின் தலைப்பக்கம் நிற்பார், பின்னவர் வால்பக்கம் நிற்பார். இருவருக்கும் இடையே பெரிய கூட்டமே இருக்கலாம். அட்டவணையில் ‘195’ என்று மட்டும் பார்க்கும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு தெரிய வழியே இல்லை.

அடுத்ததாக, சென்ற ஆண்டின் 195-ம் இந்த ஆண்டின் 195-ம் ஒரே இடத்தைக் குறிப்பதில்லை. தேர்வுத் துறை ஆண்டுதோறும் அறிவிக்கும் சென்டம் (நூற்றுக்கு நூறு) எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்வோம். கணிதத்தில் முழு மதிப்பெண் பெற்றவர்கள் 2023-ல் 690 பேர். 2024-ல் 2,587 பேர். 2025-ல் 3,022 பேர். வேதியியலில் 2023-ல் 3,909 பேர் நூற்றுக்கு நூறு வாங்கினார்கள். மறு ஆண்டே அது 471 ஆகச் சரிந்து, 2025-ல் மீண்டும் 3,181 ஆக ஏறியது. இயற்பியலில் அதே மூன்று ஆண்டுகளில் 812, 633, 1,125. ஒரு பாடம் ஏறும்போது இன்னொரு பாடம் இறங்குகிறது; ஏறுகிற பாடம் முழு எடை உள்ளதா, அரை எடை உள்ளதா என்பதும் மாறுகிறது. 2024-ல் கணித சென்டம் ஏறத்தாழ நான்கு மடங்கானதை மட்டும் பார்த்தவர் கட்-ஆஃப் எகிறும் என்பார்; வேதியியல் சென்டம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கியதை மட்டும் பார்த்தவர் சரியும் என்பார். மூன்று பாடங்களையும் மாணவர்வாரியாகச் சேர்த்துப் பார்த்தால்தான் 195-க்கு மேல் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது தெரியும். சேர்க்கை வாய்ப்பைத் தீர்மானிப்பது அந்த எண்ணிக்கையே, அதாவது ரேங்க். ‘வினாத்தாள் எளிது’, ‘வினாத்தாள் கடினம்’ என்னும் பேச்சை வைத்து அரை மதிப்பெண் ஏறும், ஒரு மதிப்பெண் இறங்கும் என்று எழுதுவதற்குக் கணக்கில் ஆதாரம் இல்லை.

ரேங்க் எப்போது தெரிகிறது? 2024-ல் தேர்வு முடிவு மே 6 அன்று வந்தது. பொறியியல் தரவரிசைப் பட்டியல் ஜூலை 10 அன்று வந்தது. 2025-ல் மே 8 அன்று முடிவு. ஜூன் 27 அன்று பட்டியல். மதிப்பெண் கையில் இருக்கிறது, இடம் தெரியவில்லை என்ற நிலையில் ஏழு வாரம், ஒன்பது வாரம் என்று குடும்பங்கள் தவிக்கின்றன. கணிப்புகள் விலைபோகிற காலம் இதுதான். கலந்தாய்வுக்கு வெளியே கல்லூரி நிர்வாகமே நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டா இடங்களுக்கான முகவர்கள் வீடு தேடி வருகிற காலமும் இதுதான். ‘உங்கள் பிள்ளை மார்க்குக்கு கவுன்சலிங்கில் ஒன்றும் தேறாது, இப்போதே சீட்டைப் பிடித்துவிடுங்கள்’ என்று ஒருவர் துணிந்து சொல்ல முடிவது, எதிரே இருக்கும் தந்தையின் கையில் அதை மறுப்பதற்கு ஓர் எண்கூட இல்லாததால்தான்.

இந்த இடைவெளியை அரசு பெருமளவு குறைக்க முடியும் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாக உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். முடிவு வெளியாகும் அன்றே ஒவ்வொரு மாணவரின் கணித, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் கணினியில் இருக்கிறது. மாவட்டவாரியாகத் தேர்ச்சி விழுக்காட்டையும் பாடவாரியாகச் சென்டம் எண்ணிக்கையையும் அன்றைக்கே கொடுக்கிறார்கள். அதனுடன் 200, 199.5, 199 என்று ஒவ்வொரு கட்-ஆஃப் படியிலும் எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள் என்ற ஒரே ஒரு பக்க அட்டவணையைச் சேர்த்து வெளியிட்டால் போதும். யாருடைய பெயரும் வேண்டாம், பதிவெண்ணும் வேண்டாம். முந்தைய ஆண்டின் அதே அட்டவணையைப் பக்கத்தில் வைத்துவிட்டால், சென்ற ஆண்டு எத்தனையாவது இடத்தில் நின்ற மதிப்பெண் இந்த ஆண்டு எத்தனையாவது இடத்துக்கு நகர்ந்திருக்கிறது என்பதை எட்டாம் வகுப்புக் கணக்கு தெரிந்த எவரும் பார்த்துக்கொள்ளலாம். சிபிஎஸ்இ மாணவர்கள் இதில் வரமாட்டார்கள் என்பதும், முதலிடங்களில் நிற்பவர்களில் சிலர் பொறியியலுக்கு விண்ணப்பிக்கவே மாட்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் சென்டம் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு ஊகிப்பதைவிட அது பல மடங்கு மேலானது. தரவரிசைப் பட்டியல் வெளியானபின் கல்வியாளர்கள் சிலர் இத்தகைய ஒப்பீட்டைத் தம் உழைப்பில் செய்து வெளியிடுகிறார்கள். அவர்களுக்கு நான் நன்றியுடையவன். இருந்தாலும் ஜூலையில் கிடைக்கும் அந்த விவரம், மே மாதத்தில் முன்பணம் கட்டிவிட்டவருக்கு உதவுவதில்லை.

ரேங்க் தெரிந்தபின்னும் வாய்ப்பைக் கணிப்பது எளிதாகிவிடாது. ஒரு பாடப்பிரிவில் அறுபது இடங்கள் என்றால் அந்த அறுபதும் ஒரே வரிசையில் நிரம்புவதில்லை. 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டின்படி பொதுப்பிரிவுக்கு ஏறத்தாழ 19, பிற்படுத்தப்பட்டோருக்கு 16, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 12, ஆதிதிராவிடருக்கு 9, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2, அருந்ததியருக்கு 2 என்று அவை பிரிகின்றன. பழங்குடியினரின் ஒரு விழுக்காடு கணக்குப்படி ஓர் இடத்துக்கும் குறைவு. 16 இடங்கள் உள்ள வரிசையில், கடைசியாக இடம் பெற்றவரின் ரேங்க் ஆண்டுக்கு ஆண்டு ஓரளவுக்கு அருகருகேதான் நகரும். இரண்டே இடங்கள் உள்ள வரிசையில் நிலைமை வேறு. அங்கே இரண்டாவதாக வந்த மாணவர் ஐஐடிக்கோ மருத்துவத்துக்கோ போய்விட்டால், அடுத்து நிற்பவர் எவ்வளவு கீழே இருந்தாலும் அந்த இடம் அவருக்குத்தான். அந்த ஆண்டின் ‘கட்-ஆஃப்’ என்று அச்சாவது அந்த ஒருவரின் மதிப்பெண்தான். மறு ஆண்டு நன்றாகப் படிக்கும் இருவர் அதே பிரிவைத் தேர்ந்துவிட்டால் அது பல மதிப்பெண் மேலே போய்விடும். ஆகவே எந்தச் சமூகப் பிள்ளைகளுக்கு வழிகாட்டுதல் அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அந்த ஒற்றை எண் மிகக் குறைந்த நம்பகத்தன்மையோடு கிடைக்கிறது. ஓர் ஆண்டின் எண்ணைப் பார்த்து ‘நமக்குக் கிடைக்காது’ என்று முடிவு கட்டும் அருந்ததியர், பழங்குடியினர் வீட்டுப் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: ஐந்து ஆண்டுகளின் எண்களையும் பார், அவற்றுள் மிகக் கீழான எண்ணையும் கவனி, அந்த ஆண்டில் உள்ளே போனவரும் உன்னைப் போன்ற மாணவர்தான்.

ஐந்து ஆண்டுகளைப் பார்க்கும்போது 2021-ஐத் தனியே ஒதுக்கிவைக்க வேண்டும். கொரோனா காரணமாக அந்த ஆண்டு பிளஸ் டூ பொதுத்தேர்வு நடக்கவில்லை. பத்தாம் வகுப்புக்கு 50, பதினோராம் வகுப்புக்கு 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை மற்றும் அக மதிப்பீட்டுக்கு 30 விழுக்காடு என்ற கணக்கில் மதிப்பெண் வழங்கப்பட்டது. அதே ஆண்டில் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 விழுக்காடு 10.5, 7, 2.5 என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அந்தப் பிரிவினையை 2021 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மதிப்பெண்ணும் வேறு, வரிசையும் வேறு. அந்த ஆண்டின் எண்ணை மற்ற ஆண்டுகளோடு கூட்டி வகுத்துச் ‘சராசரி கட்-ஆஃப்’ என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சராசரி எந்த மாணவருக்கும் எந்த உண்மையையும் சொல்லாது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு பொறியியலுக்கு வந்ததும் அதே 2021-ல்தான். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இதற்கெனத் தனித் தரவரிசை உண்டு. இதில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் பெரும்பாலான ‘எதிர்பார்க்கப்படும் கட்-ஆஃப்’ அட்டவணைகளில் இதற்கு ஒரு பத்திகூட இருப்பதில்லை. எங்கள் பேருந்து நிலையத்தை ஒட்டிய கணினி மையத்தில் ஒரு மாலை, பின்னலாடை நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் ஒருவர், தம் மகளுடன் கோடு போட்ட நீளமான நோட்டுப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்திருந்தார். அதில் கல்லூரி எண்களைத் தம் கைப்பட எழுதியிருந்தார்: 1 கிண்டி, 2 ஏசி டெக், 4 எம்ஐடி, அதன்பின் கோவை ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி), சேலம் அரசுக் கல்லூரி என்று. முதல் மூன்று வரிகளின்மீதும் சிவப்புப் பேனாவால் அடித்திருந்தார். நோட்டின் உள்ளட்டையில் நாளிதழிலிருந்து கத்தரித்த அட்டவணை ஒட்டப்பட்டிருந்தது. அதில் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் கிண்டிக்கு எதிரே இருந்த எண், மகளின் மதிப்பெண்ணைவிட மிகவும் உயரத்தில் இருந்தது. அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவள். அவளுக்கு உரிய வரிசையே அந்த அட்டவணையில் இல்லை என்பதை அவரிடம் சொன்னபோது, ‘அப்போ பேப்பர்ல போட்டிருக்கிறது யாருக்கு சார்?’ என்று கேட்டார். அடித்த மூன்று வரிகளையும் அன்றே மீண்டும் மேலே எழுதினோம். கிண்டியோ எம்ஐடியோ அவளுக்குக் கிடைக்கவில்லை. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் பிரிவு கிடைத்தது. மேலே எழுதியிருந்த கல்லூரிகளால் அவளுக்கு எந்த இழப்பும் ஏற்படவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் தமிழ்நாட்டின் ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் இடம் ஒதுக்கப்படும் முறை இதுதான்: ஒரு சுற்றில் பங்கேற்கும் மாணவர்களைக் கணினி ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுக்கிறது. ஒருவரின் முறை வந்ததும், அவர் கொடுத்திருக்கும் விருப்பப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, ஒவ்வொரு விருப்பத்துக்கும் முதலில் பொதுப்பிரிவில், பின்னர் அவருடைய வகுப்புப் பிரிவில் இடம் மீதி இருக்கிறதா என்று பார்க்கிறது. எந்த விருப்பத்தில் முதன்முதலாக இடம் தட்டுப்படுகிறதோ அதைக் கொடுத்துவிட்டு அடுத்த ரேங்குக்குப் போகிறது. நம் முறை வரும்போது கிண்டியில் இடம் தீர்ந்திருந்தால் கணினி அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்கு வரும், அவ்வளவுதான். நாம் கிண்டியைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் நமக்குக் கீழே இருப்பவர் நம் இரண்டாவது விருப்பத்தைத் தட்டிக்கொண்டு போக வழியே இல்லை, ஏனென்றால் நம் பட்டியல் முழுவதையும் பார்த்து முடிக்காமல் கணினி அவரிடம் போகாது. ‘கிடைக்காததை மேலே போட்டால் கிடைப்பதும் போய்விடும்’ என்று ஊருக்கு ஊர் சொல்லப்படும் அறிவுரை, இந்த முறையைப் பொறுத்தவரை முழுத் தவறு. அதை நம்பித் தம் ஆசையைத் தாமே வெட்டிக்கொண்ட பிள்ளைகளை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே பட்டியலின் வரிசையை அமைப்பதற்கு ‘எனக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது’ என்ற கணிப்பே தேவையில்லை. எது நிறைய பிடிக்கிறதோ அது மேலே, அடுத்தது அதற்குக் கீழே, அவ்வளவே. கணிப்பு தேவைப்படுவது இரண்டே இடங்களில். பட்டியல் எவ்வளவு கீழே வரை நீள வேண்டும் என்பது ஒன்று. ஐந்து ஆண்டுகளில் எந்த ஆண்டிலும் நம் ரேங்குக்குத் தவறாமல் கிடைத்திருக்கும் கல்லூரிகள் சிலவாவது பட்டியலின் அடியில் இருந்தாக வேண்டும். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றிருக்க, பத்துப் பதினைந்தோடு நிறுத்திக்கொண்டு அந்தச் சுற்றில் ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். மற்றொன்று, வேறு கல்லூரியில் முன்பணம் கட்டுவதா வேண்டாமா என்ற முடிவு. கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் உரிய ரசீதுடன் கட்டுங்கள். வகுப்பு தொடங்குமுன் விலகும் மாணவரிடம் 1,000 ரூபாய்க்கு மேல் பிடித்தம் செய்யக்கூடாது என்பது அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏஐசிடிஇயின் விதி. ரசீதில்லாமல் கைமாறிய பணத்துக்கு எந்த விதியும் துணைக்கு வராது.

இனி, விழுக்காட்டில் வாய்ப்பைச் சொல்லும் செயலிகளையும் ஆலோசகர்களையும் பற்றி. மதிப்பெண்ணையும் வகுப்பையும் கொடுத்தால் ‘உங்களுக்கு 70 விழுக்காடு வாய்ப்பு’ என்று விடை வருகிறது. எழுபது என்றால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு: சென்ற ஆண்டு எழுபது என்று சொல்லப்பட்ட நூறு பேரில் ஏறத்தாழ எழுபது பேருக்கு அந்த இடம் கிடைத்திருக்க வேண்டும். அப்படிச் சரிபார்த்து, ‘நாங்கள் சொன்னது இவ்வளவு, நடந்தது இவ்வளவு’ என்று வெளியிட்டவர் எவரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு விழுக்காடு சொல்கிறவர்கள் சென்ற ஆண்டின் கணிப்பையும் அதன் விளைவையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டட்டும். காட்ட முடியாதவர்களின் எழுபதுக்கும் ஊர்ச்சாவடியில் சொல்லப்படும் ‘அநேகமாகக் கிடைக்கும்’ என்பதற்கும் வேறுபாடு இல்லை. எழுபது என்ற எண் வடிவம் அதற்குத் தகாத ஓர் உறுதியைக் கொடுத்துவிடுகிறது.

இதில் இன்னொரு கணக்குப் பிழையும் இருக்கிறது. கிண்டி ஈசிஇ (மின்னணு, தொடர்பியல்) 50 விழுக்காடு, எம்ஐடி 50 விழுக்காடு, பிஎஸ்ஜி 50 விழுக்காடு என்று ஒரு செயலி சொன்னால், மூன்றில் ஒன்றாவது நிச்சயம் என்று பெற்றோர் மனம் தேறிவிடுகிறது. நாணயத்தை மூன்று முறை சுண்டினால் மூன்றும் தவறுவது எட்டில் ஒரு பங்குதான் என்று நாங்கள் பிளஸ் டூவில் சொல்லிக்கொடுப்பது உண்மை. ஆனால் அது ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளுக்குத்தான் பொருந்தும். இங்கே மூன்று கல்லூரிகளையும் முடிவு செய்வது ஒரே ரேங்க். உயர்ந்த மதிப்பெண்காரர்கள் பெருகிய ஆண்டில் நம் ரேங்க் கீழே போனால் மூன்றும் சேர்ந்தே கைநழுவும். ரேங்க் மேலே வந்தால் மூன்றுமே கைக்கு எட்டும். மூன்றும் ஒருசேரத் தவறும் வாய்ப்பு எட்டில் ஒன்றைவிடப் பாதிக்குத்தான் மிக அருகில் இருக்கிறது. ஒரே உயரத்தில் உள்ள கல்லூரிகளையே நிறைய அடுக்கி வைத்துவிட்டுப் பாதுகாப்பாக இருப்பதாக நினைப்பது ஆபத்தானது என்பதை உங்கள் கல்விப் பக்கம் ஒருமுறையாவது விளக்க வேண்டும்.

சென்ற ஆண்டுகளின் ரேங்கைப் பார்க்கும்போதுகூடச் சில மாற்றங்களைக் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது. 2024-25 கல்வியாண்டு முதல், தகுதியுள்ள கல்லூரிகளில் ஒரு பாடப்பிரிவுக்கு இத்தனை இடங்கள்தான் என்றிருந்த உச்சவரம்பை ஏஐசிடிஇ நீக்கிவிட்டது. அதன்பின் தனியார் கல்லூரிகளில் கணினி சார்ந்த பிரிவுகளின் இடங்கள் பெருகின. அத்தகைய கல்லூரிகளின் பழைய ரேங்க் எல்லையை அப்படியே நம்ப முடியாது. மருத்துவக் கலந்தாய்வு முன்னே நடக்கிறதா, பின்னே நடக்கிறதா என்பதும் முதல் சுற்றைப் பெரிதும் பாதிக்கிறது. 2022-ல் நீட் முடிவு வரட்டும் என்று பொதுக்கலந்தாய்வைத் தள்ளிவைத்து, செப்டம்பரில்தான் தொடங்கினார்கள். ‘கிண்டி கிடைக்குமா’ என்று பொதுவாகக் கேட்பதிலும் பயனில்லை. அதே வளாகத்தில் கணினிப் பொறியியலுக்கும் சுரங்கவியலுக்கும் அச்சுத் தொழில்நுட்பத்துக்கும் இடையே உள்ள ரேங்க் தொலைவு மிகப் பெரியது. வளாகத்தின் பெயருக்காகப் பிடிக்காத பாடத்தை நான்கு ஆண்டு படிக்கச் சொல்லிப் பிள்ளையை வற்புறுத்துவது சரியில்லை என்பது என் கருத்து. மாற்றுக்கருத்து உள்ளவர்கள் அந்தப் பாடத்தின் பாடத்திட்டத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து ஒருமுறை படித்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

தங்கள் நாளிதழிடம் நான் வேண்டுவது மிகச் சிறியது. ‘எதிர்பார்க்கப்படும் கட்-ஆஃப்’ என்ற ஒற்றை எண் அட்டவணையை நிறுத்துங்கள். அந்த இடத்திலேயே, ஒவ்வொரு கல்லூரிக்கும் பாடப்பிரிவுக்கும், கடந்த ஐந்து ஆண்டுகளில் கடைசியாக இடம் பெற்றவரின் ரேங்க்கை வகுப்புவாரியாகவும், 7.5 விழுக்காட்டுக்குத் தனியாகவும், மொத்த இட எண்ணிக்கையோடும் சேர்த்து வெளியிடுங்கள். 2021-க்கு ஒரு குறியிட்டு, காரணத்தை அடியில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். முந்தைய ஆண்டுகளின் ஒதுக்கீட்டு விவரங்களைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இணையத்தில் வைத்திருக்கிறது. ஆனால் கல்லூரி கல்லூரியாக, ஆண்டு ஆண்டாகத் தேடியெடுத்து ஒப்பிடக் கிராமத்துப் பெற்றோரால் இயலாது. உங்கள் அலுவலகத்தால் ஒரே நாளில் முடியும். நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கும் வேண்டியதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் துறைக் கல்லூரிகள் நான்கும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளும், மிகுதியாக விரும்பப்படும் சில தனியார் கல்லூரிகளும் இடம் பெற்றால் போதும். விருப்பப் பட்டியலைக் கணினி எவ்வாறு படிக்கிறது என்ற விளக்கத்தையும் அதே பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் போடுங்கள்.

அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு நான் மேலே வைத்த கோரிக்கையையும் தங்கள் செய்தியாளர் ஒருவர் நேரில் எடுத்துச் சென்று கேட்டால் நல்லது. ஒரு தனி மனிதன் எழுதும் மனுவைவிட ஒரு நாளிதழின் கேள்விக்கு விரைவில் பதில் கிடைக்கும். அடுத்த பிளஸ் டூ முடிவு வெளியாகும் மே மாதத்துக்குள் அந்த ஒரு பக்க அட்டவணை நடைமுறைக்கு வந்துவிட்டால், எங்கள் பகுதிக் கணினி மையத்தின் சுவரில் அதை ஒட்டிவைத்து, வருகிறவர்களுக்குப் படித்துச் சொல்லும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
முதுநிலைக் கணித ஆசிரியர் (ஓய்வு),
திருப்பூர் மாவட்டம்